ஏணியின் எந்தப் படியில் மரக்காணம்?

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 20ஆம் நாளையொட்டி உலக மகிழ்ச்சி அறிக்கை வெளியிடப்படுகிறது. அந்நாளை உலக மகிழ்ச்சி நாளாக ஐக்கிய நாடுகள் பொது அவை 2012இல் அறிவித்தது. அதே மார்ச் 20இல்தான், 1927ஆம் ஆண்டில், மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் தீண்டப்படாத மக்கள் இறங்கி நீரள்ளிப் பருகினர். நியூயார்க்கில் தீர்மானம் எழுதியவர்களுக்கு மகாத் நினைவில் இருந்திருக்க வாய்ப்பில்லை. தற்செயலாக நேர்ந்த ஒற்றுமைதான் இது. ஆயினும் இந்திய நாட்டின் மகிழ்ச்சியை அளக்க விரும்புவோர் எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை இத்தற்செயல் நமக்குச் சரியாகவே காட்டிக்கொடுக்கிறது.

2025ஆம் ஆண்டு அறிக்கையில் பின்லாந்து தொடர்ந்து எட்டாவது முறையாக முதலிடம் பெற்றது. 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118ஆவது இடம். நேபாளம் 92, பாகிஸ்தான் 109, இலங்கை 133. பட்டியல் வெளியானதும் நம் தொலைக்காட்சி விவாதங்களில் வழக்கமாக இரண்டு குரல்கள் எழுகின்றன. ஆட்சியாளர்களைக் குத்திக்காட்ட இப்பட்டியலை ஏந்துவோரின் குரல் ஒன்று. போரில் சிதைந்த உக்ரைனும் பாலஸ்தீனமும் இந்தியாவை முந்திவிட்டனவா என்று கேட்டு, இது மேற்குலகின் சூழ்ச்சி எனச் சினப்போரின் குரல் மற்றொன்று. எண்ணை வைத்துச் சண்டையிடும் இவ்விரு தரப்பினரும் அந்த எண் எந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

கேள்வி மிக எளியது. அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1960களில் வகுத்தது. ஓர் ஏணியை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். கீழ்ப்படி சுழியம், மேல்படி பத்து. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு மேல்படி; மிக மோசமான வாழ்வு கீழ்ப்படி. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? காலப் என்ற நிறுவனம் பொதுவாக நாட்டுக்கு ஆயிரம் பேர் அளவிலும், இந்தியா போன்ற பெரிய நாடுகளில் அதற்குக் கூடுதலானோரிடமும் இதைக் கேட்கிறது. மூன்றாண்டு விடைகளின் சராசரிதான் தரவரிசை. பின்லாந்தின் சராசரி 7.7, இந்தியாவினுடையது 4.4. ஆள்வீத வருமானம், உடல்நலத்தோடு வாழும் ஆண்டுகள், இடர் வந்தால் கைகொடுக்க ஆள் உண்டா என்பது, வாழ்வைத் தேர்ந்துகொள்ளும் விடுதலை, கொடைக் குணம், ஊழல் பற்றிய எண்ணம் என ஆறு காரணிகளைக் கொண்டு நாடுகளுக்கிடையிலான வேறுபாட்டை ஆய்வாளர்கள் விளக்க முயல்கிறார்கள். தரவரிசை இவ்வாறு காரணிகளிலிருந்து கணக்கிடப்படுவதன்று. மக்கள் சொன்ன படியே தரவரிசை. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

ஆறு காரணிகளுள் சாதி இல்லை. உலகம் முழுமைக்குமான அளவுகோலில் அது இருக்குமென நாம் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் ஏணி என்ற உருவகத்தைக் கேட்டவுடன் இந்தியாவில் பிறந்த எவருக்கும் வேறொரு ஏணி நினைவுக்கு வரும். அம்பேத்கர் அதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். வெறும் சமத்துவமின்மையில் மேலே சிலரும் கீழே பலரும் இருப்பார்கள். கீழே இருப்போர் ஒன்றுசேர்வது எளிது. படிநிலைச் சமத்துவமின்மையிலோ ஒவ்வொருவருக்கும் காலின்கீழ் மிதிக்க இன்னொரு படி தரப்பட்டிருக்கிறது. கான்ட்ரிலின் ஏணியில் ஏறுவதும் இறங்குவதும் நிகழக்கூடியவை. நம் ஏணியில் பிறந்த படியே இறக்கும் படி. எனவே இங்கே ஒருவர் ‘நான் நான்காம் படியில் நிற்கிறேன்’ என்றால், அவர் எந்த ஏணியைப் பார்த்துச் சொன்னார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இதை ஏட்டளவில் பேசுவதைவிட ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது மரக்காணம். பக்கிங்காம் கால்வாய் வந்து முடியுமிடம். ஒருபுறம் கழுவெளி ஏரி, மறுபுறம் வங்கக் கடல். சாலையின் இருமருங்கும் மூவாயிரம் ஏக்கருக்கும் மேலாகப் பரந்த உப்பளங்கள். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தில் உப்பு விளையும் பெரிய இடம் இதுவே. பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமான நிலம், குத்தகைக்கு விடப்பட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், சனவரியில் சேற்றை மிதித்து இறுக்கிப் பாத்தி அமைப்பதில் தொடங்கும் வேலை, கோடை முழுவதும் நீண்டு, அடுத்த மழை தொடங்கும்வரை நடக்கும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ மூன்று. அது பாத்திக்குப் பாத்தி வெயிலில் வற்றி இருபத்தைந்தை எட்டும்போது உப்புப் படியும். அந்தப் படிவை உடைத்து, பலகையால் வாரி, கரைக்கு இழுத்து, தலைச்சுமையாக மேட்டில் குவிப்பவர்கள் சுற்றுப்பட்டுச் சேரிகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் விடியும் முன்னரே வரும் கூலித் தொழிலாளர்கள். பெண்கள் பெருந்தொகையினர். வெண்பரப்பிலிருந்து திரும்பியடிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீர் காலைப் புண்ணாக்குகிறது. குடிக்க நல்ல நீரும் ஒதுங்க மறைவும் இல்லாத வெளியில் பெண்கள் நாள்முழுதும் நீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது அந்த ஆறு காரணிகளை இங்கே கொண்டுவந்து வைப்போம்.

வருமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணம் மகிழ்ச்சியைத் தராது என்பது பணமுள்ளோர் கண்டுபிடித்த தத்துவம். ஆனால் பணம் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதற்கு அறிக்கையிலேயே சான்று உண்டு. 2025இல் உலகின் பெரும்பணக்கார நாடான அமெரிக்கா 24ஆம் இடத்துக்கு இறங்கியது. அதனினும் மிகக் குறைந்த ஆள்வீத வருமானம் கொண்ட கோஸ்டா ரிக்கா 6ஆம் இடத்துக்கு ஏறியது. 1941இல் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கி, 1948இல் படையையே கலைத்துவிட்ட நாடு அது.

ஆயுளுக்கு வருவோம். சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் ஒன்பது இந்திய மாநிலங்களின் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வு 2022இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. பழங்குடியினருக்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. இந்த இடைவெளியில் பாதியைக்கூடப் பொருளாதார நிலை விளக்கவில்லை என்பதே அவ்வாய்வின் முதன்மையான முடிவு. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. நம் மாநிலத்தின் பொதுநல்வாழ்வுக் கட்டமைப்பு அவற்றைவிட வலுவானது என்பதும் உண்மை. ஆயினும் வறுமையை நீக்கினால் சாதி தானே உதிர்ந்துவிடும் என்று நம்புவோர்க்கு அம்முடிவு ஒரு விடை. ஒரே அளவு வருமானமுள்ள இருவரில் ஒருவர் முன்னதாகச் சாகிறார் என்றால், அவரைக் கொல்வது வறுமை மட்டுமன்று.

மூன்றாவது காரணிதான் மரக்காணத்தில் மிகவும் உறுத்துவது. ‘உங்களுக்கு இடர் நேர்ந்தால் நம்பி நாடக்கூடிய உறவினரோ நண்பரோ உண்டா?’ பின்லாந்துக்காரர் இக்கேள்விக்கு ஆம் என்று சொல்லும்போது, அவருக்குப் பின்னால் ஒரு நண்பர் மட்டும் நிற்பதில்லை. வேலையின்மைக் காப்பீடும் தொழிற்சங்கமும் நகராட்சி மருத்துவமும் நிற்கின்றன. அதனால்தான் அவர் நண்பரிடம் கடன் கேட்டு நட்பை இழக்க வேண்டியதில்லை. உப்பளத் தொழிலாளியோ அக்டோபரில் மழை இறங்கியதும் வேலை இழக்கிறார். அந்த மாதங்களில் அவருக்குக் கைகொடுப்பவர் யார்? உப்பளத் தொழிலில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு: முன்பணம். குத்தகைதாரரிடமோ மேஸ்திரியிடமோ வாங்கிய பணம் அடுத்த பருவத்துக் கூலியில் கழியும். ஆய்வாளர் வந்து கேட்டால் அவரும் ‘உதவ ஆள் உண்டு’ என்றுதான் சொல்வார். அந்த ஆள் தருவது உதவியா தளையா என்று பிரித்துக் காட்டும் கட்டம் படிவத்தில் இல்லை.

சட்டத்தில் இருக்கிறது. கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம், 1976, முன்பணத்துக்கு ஈடாக உழைப்பையோ தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையோ ஒப்படைக்கும் ஏற்பாட்டைக் கொத்தடிமை என்றே வரையறுக்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழான ஊதியத்துக்கு ஒருவரை உழைக்க வைப்பது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையில் விலங்கு வேண்டியதில்லை; பசியின் கட்டாயமும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் உட்பொருள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தீர்ப்பு உப்பு மேட்டுக்கு வந்துசேரவில்லை.

நான்காவது, விடுதலை. ‘உங்கள் வாழ்வில் என்ன செய்வது என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் உங்களுக்கு நிறைவளிக்கிறதா?’ தாயும் பாட்டியும் வாரிய பாத்தியில் மகளும் வாருவது தேர்வா? கல்லூரிக்குப் போன முதல் தலைமுறைப் பிள்ளை, யாரைக் காதலிப்பது, எந்தத் தெரு வழியாக வண்டி ஓட்டுவது, எந்தக் கோயிலில் நுழைவது என்பவற்றைத் தேர்ந்துகொள்ள முடிகிறதா? இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி கிராமத்தின் திரௌபதி அம்மன் கோயில், தலித்துகள் உள்ளே வருவதை ஏற்க மறுத்தவர்களால் எழுந்த மோதலையொட்டி, 2023 சூனில் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. நீதிமன்ற ஆணையின்பேரில் தலித் மக்கள் 2025 ஏப்ரலில்தான் உள்ளே சென்று வணங்கினர். வழிபாட்டுரிமையைத் தேர்ந்துகொள்வதற்கு ஏறத்தாழ இரண்டாண்டு வழக்கு.

கொடைக் குணத்தைக் கடந்துபோவோம். ஏழைச் சேரிகள் அதில் என்றும் குறைந்தவையல்ல. ஊழலைப் பற்றிய எண்ணம் என்ற ஆறாவது காரணி நம்பிக்கையைப் பற்றியது. 2025 அறிக்கை இதை ஒரு சுவையான கேள்வியால் அணுகியது: உங்கள் பணப்பை தொலைந்தால் அது திரும்பக் கிடைக்கும் என நம்புகிறீர்களா? அண்டைவீட்டார், முன்பின் அறியாதவர், காவலர் என மூவரையும் வைத்துக் கேட்டார்கள். நார்டிக் நாட்டு மக்களின் நம்பிக்கை உலகிலேயே மிக உயர்ந்த நிலையில் இருந்தது. இக்கேள்வியை நம் சேரிகளில் கேட்பதற்கு முன், வேங்கைவயலை நினைத்துக்கொள்ள வேண்டும். 2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அச்சிற்றூரில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. குடிநீரையே நம்ப முடியாதவரிடம் பணப்பையைப் பற்றிக் கேட்பது எப்படி? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டில் மட்டும் பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 57,582. பதிவானவை மட்டும் இவை. காவல் நிலையத்தில் ஒரு புகாரை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பதியவைக்க எத்தனை நடை நடக்க வேண்டும் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, ஆய்வாளர் ஒருவர் உப்பளத்தில் நின்று கேட்டால், ‘நல்லாத்தான் இருக்கிறோம்’ என்ற விடை வரக்கூடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி, வெள்ளை உப்புக் குவியலையும் தலைச்சுமைப் பெண்களின் சிரிப்பையும் படமெடுத்துச் செல்வோர் பலர் உண்டு. ஏழைகள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று வியந்து அப்படத்தின் கீழ் எழுதவும் செய்கிறார்கள். அமர்த்திய சென் நெடுங்காலமாக எச்சரித்துவரும் செய்தி இது: நீண்டகாலம் ஒடுக்கப்பட்டோர் தம் விருப்பங்களையே கிடைக்கக்கூடியதன் அளவுக்குச் சுருக்கிக்கொள்வர், அவர்கள் சொல்லும் மனநிறைவை நீதிக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனவே மகிழ்ச்சி அறிக்கையை வைத்து நாம் இரண்டு தவறுகளையும் தவிர்க்க வேண்டியிருக்கிறது. சிரிக்கிறார்கள், ஆகவே குறையில்லை என்பது ஒன்று. துன்பப்படுகிறார்கள், ஆகவே மனப்பயிற்சி கொடுப்போம் என்பது மற்றொன்று.

இரண்டாவது தவறு அரசுகளுக்கு மிகவும் பிடித்தமானது. மத்தியப் பிரதேச அரசு 2016இல் மகிழ்ச்சிக்கென்றே ஒரு துறையைத் தொடங்கியது. பட்டியல் சாதியினர் மீதான குற்ற வீதத்தில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களுள் அதுவும் ஒன்று. பூட்டான் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. மொத்த நாட்டு மகிழ்ச்சி என்ற கோட்பாட்டை உலகுக்குத் தந்த நாடு, 2008இல் அதைத் தன் அரசமைப்பிலும் எழுதிக்கொண்ட நாடு. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் நேபாளி மொழி பேசும் லோட்சம்பா மக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை வெளியேறச் செய்து, நேபாளத்தின் முகாம்களில் ஏதிலிகளாக்கியது. மகிழ்ச்சியற்றோரை நாட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டால் சராசரி உயரத்தான் செய்யும். சராசரி என்பதே அப்படிப்பட்டது: யாரைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதில்தான் அதன் அரசியல் முழுவதும் இருக்கிறது. நாடுகளுக்குள் நிலவும் மகிழ்ச்சியின் ஏற்றத்தாழ்வையும் பார்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு அறிக்கையே பேசியது. ஆனால் நாளேடுகளுக்கு வேண்டியது தரவரிசை எண் ஒன்றுதான்.

இந்த இடத்தில் பின்லாந்தை நாம் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். குளிர், காடு, நீராவிக் குளியல், இயல்பிலேயே அமைதியான மக்கள் என்றெல்லாம் சுற்றுலா விளம்பரம்போல் காரணம் சொல்கிறார்கள். இயல்பு காரணமாக இருந்திருந்தால் 1918ஐ எப்படி விளக்குவது? முப்பது லட்சம் மக்கள்தொகை கொண்ட அந்நாடு அவ்வாண்டின் உள்நாட்டுப் போரிலும் அதன்பின் சிறைமுகாம்களிலும் 35,000க்கும் மேற்பட்டோரை இழந்தது. நிலமற்ற கூலிகளும் குத்தகை உழவரும் ஆலைத் தொழிலாளரும் ஒருபுறம். நிலமும் மூலதனமும் உடையோர் மறுபுறம். 1990இலும்கூட உலகில் தற்கொலை வீதம் மிக அதிகமான நாடுகளுள் பின்லாந்து ஒன்றாக இருந்தது. திட்டமிட்ட பொதுநல்வாழ்வுப் பணியால் அதைப் பின்னர் பாதியாகக் குறைத்தார்கள்.

அந்நாட்டு மக்கள் மகிழ்ச்சியை வரமாகப் பெறவில்லை. 1905ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் 1906இல் அனைவருக்குமான வாக்குரிமையைப் பெற்றுத் தந்தது. பெண்கள் வாக்களிக்கவும் தேர்தலில் நிற்கவும் உரிமை பெற்றனர். 1907இல் 19 பெண்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்கள். போரின் குருதி காயும் முன்னரே, 1918இல், குத்தகை உழவர் தாம் உழுத நிலத்தை வாங்கி உடைமையாக்கிக்கொள்ள வழி செய்யும் சட்டம் வந்தது. 1922இல் கியோஸ்தி கல்லியோவின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் நிலமற்றோருக்கும் நிலம் பெற வழிவகுத்தது. வென்றவர்கள் தோற்றவர்களுக்கு நிலம் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காவிட்டால் நாடு மீண்டும் எரியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தொழிற்சங்கங்கள் அதன்பின் பல பத்தாண்டுகள் போராடித்தான் கூட்டு ஒப்பந்த முறையை நிலைநாட்டின. இன்றும் அங்கே சட்டமுறைக் குறைந்தபட்சக் கூலி என்று தனியாக இல்லை. சங்கங்களின் ஒப்பந்தமே அப்பணியைச் செய்கிறது. வடகோடியிலுள்ள சாமி பழங்குடி மக்களின் நிலவுரிமை மட்டும் இன்னும் தீரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலிடம் பெற்ற நாட்டின் சராசரிக்குள்ளும் ஒரு சேரி இருக்கிறது.

பின்லாந்துக்கு முப்பது ஆண்டுகள் முன்னதாகவே நம் பக்கத்தில் அதே கேள்வி எழுந்தது. மரக்காணத்துக்கு வடக்கே எல்லையாக இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமென்கீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் விரிவான அறிக்கை எழுதினார். நிலமற்றிருப்பதே அவர்களை அடிமைகளாக வைத்திருக்கிறது என்பது அவருடைய கண்டறிதல். அதையொட்டி 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரைத் தவிர வேறெவருக்கும் கைமாற்றக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு வழங்கப்பட்டவை. சென்னை மாகாணத்தில் அவ்வாறு வழங்கப்பட்ட பரப்பு 12 லட்சம் ஏக்கர் எனத் தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் மக்கள் திரண்டார்கள். காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். பின்லாந்து 1922இல் சட்டமாக்கியதை இங்கே 1994இல் கேட்டபோது கிடைத்தது குண்டு. மகிழ்ச்சிப் பட்டியலில் இரு நாடுகளுக்கும் இடையே இருக்கும் மூன்று படிகளில் ஒன்று இங்கேதான் உடைந்தது என்பது என் கணிப்பு.

இன்னொரு படி 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்திலேயே உடைந்தது. மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழாவுக்குச் சென்றோரின் வண்டிகள் இவ்வூரைக் கடந்தபோது மூண்ட மோதலில், கட்டையன் தெரு தலித் குடியிருப்பில் வீடுகள் எரிக்கப்பட்டன; பேருந்துகள் எரிந்தன. விழாவுக்குச் சென்றவர்களில் இருவர் அன்று உயிரிழந்தனர். யார் தொடங்கியது என்ற வழக்காடலை நான் இங்கே மீண்டும் நடத்தப்போவதில்லை. எரிந்தவை எவருடைய கூரைகள் என்பது எல்லோரும் அறிந்ததே. எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறு. உப்பளத்தில் ஒரே பாத்தியில், ஒரே கூலிக்கு, ஒரே வெயிலில் நிற்போரில் தலித்துகளும் உண்டு, வன்னியரும் உண்டு. குத்தகைதாரரிடம் கூலி உயர்வு கேட்க இவர்கள் ஒன்றாக நின்றாக வேண்டும். பின்லாந்தின் ஆலைத் தொழிலாளி தன் அருகில் நின்றவரை நம்பியதால்தான் சங்கம் உருவானது. மரக்காணத்தின் வன்னியக் கூலித் தொழிலாளிக்கு அருகில் நிற்பவரைவிட ஒரு படி மேலே நிற்பதாக ஓர் எண்ணம் கூலியின் பகுதியாகவே கொடுக்கப்படுகிறது. அந்த எண்ணத்துக்கு அவர் கொடுக்கும் விலை, தன் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் மழைக்காலச் சோறும். படிநிலைச் சமத்துவமின்மை தலித்துகளை மட்டும் துன்புறுத்துகிறது என்று நினைப்போர், இந்தியாவின் 118ஆவது இடத்தை முழுமையாக விளக்க முடியாது. ஒருவரையொருவர் நம்ப முடியாத சமூகத்தில் மேல்படியில் நிற்பவரும் ஏணியைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையில் உடன்பிறப்புணர்வு என்ற சொல்லை வைத்தபோது அம்பேத்கர் கருதியது இதைத்தான். 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் ஆற்றிய உரையில், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் நிலவும் முரண்பாட்டுக்குள் நாடு நுழையப்போவதை எச்சரித்தார். உடன்பிறப்புணர்வு இன்றி விடுதலையும் சமத்துவமும் வெறும் மேற்பூச்சாகவே இருக்கும் என்பது அவ்வுரையின் சாரம். மகிழ்ச்சி ஆய்வாளர்கள் ‘சமூக நம்பிக்கை’ என்று இப்போது அளப்பதை அவர் அன்றே அளந்துவிட்டார். புத்தரின் துக்கம் பற்றிய போதனையையும், தலைவிதியாகவோ உலகை வெறுக்கும் தத்துவமாகவோ கொள்ளாமல், மனிதர் மனிதருக்கு இழைக்கும் துன்பத்தை நீக்கும் அறமாகவே அவர் வாசித்தார்.

அதே சட்டத்தின் 43ஆம் உறுப்பை நான் அடிக்கடி திரும்பப் படிப்பதுண்டு. எல்லாத் தொழிலாளருக்கும் வாழ்வதற்குப் போதிய ஊதியமும், கண்ணியமான வாழ்க்கைத் தரமும், ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையும், சமூக, பண்பாட்டு வாய்ப்புகளும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது அது. இந்திய அரசமைப்பு மகிழ்ச்சிக்கு மிக அருகில் வந்து நிற்கும் இடம் அதுவே. ஓய்வைத் துய்த்தல்! உப்பளத்தில் ஓய்வு என்பது மழை கொண்டுவரும் பட்டினிக்கு இன்னொரு பெயர். நெறிமுறைக் கோட்பாடு என்பதால் 43ஆம் உறுப்பை நேரடியாக நீதிமன்றம் வழியே நடைமுறைப்படுத்த முடியாது. ஆனால் 23ஆம் உறுப்பையும் 17ஆம் உறுப்பையும் முடியும்.

தமிழக அரசு 2021இல் அறிவித்த மழைக்கால நிவாரணத்தை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். உற்பத்தியில்லாத அக்டோபர், நவம்பர், திசம்பர் மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். இதை ஏளனம் செய்யும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலையற்ற காலம் தொழிலாளியின் தனிப்பட்ட துன்பமன்று, பொதுப் பொறுப்பு என்பதை அரசு முதன்முறையாக ஏற்றுக்கொண்டது. பின்லாந்தின் வேலையின்மைக் காப்பீடும் இதே கருத்தின் வளர்ந்த வடிவம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 92 நாள்களுக்கு 5,000 என்றால் நாளொன்றுக்கு ஒரு குடும்பத்துக்கு 54 ரூபாய். முன்பணத்தை இது எப்படி விரட்டும்? 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் அறிவிக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் இறந்த அக்கொடுமையில் அத்தொகை கொடுத்தது தவறில்லை. இறப்புக்கு ஒரு தொகையை ஒரே நாளில் முடிவுசெய்ய முடிகிற அரசு, உயிரோடிருக்கும் மூன்று மாதத்துக்கான தொகையை ஏன் உயர்த்த முடியாது என்பதுதான் கேள்வி. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் இக்கரையைக் கடந்தபோது அதே 54 ரூபாய்க் கணக்கில்தான் குடும்பங்கள் வெள்ளத்தை எதிர்கொண்டன.

நிலத்தின் கேள்வியும் கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கிறது. உப்பளங்களில் பெரும்பகுதி அரசு நிலம் என்றால், குத்தகை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதை யாருக்குக் கொடுப்பது என்பது அரசு எடுக்கும் முடிவு. உப்பு வாரும் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை கேட்பதில் புரட்சிகரமானது ஒன்றுமில்லை. குஜராத்தின் சிறு ரண் பகுதியில் அகரியா உப்புத் தொழிலாளப் பெண்களை சேவா அமைப்பு ஒருங்கிணைத்து, சூரிய ஆற்றல் இறைப்பிகள் வரை கொண்டுசேர்த்திருக்கிறது. விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் மரக்காணம் அடங்கிய திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிகள். கேட்பதற்கு இடமும் இருக்கிறது, கேட்க வேண்டியவர்களின் பெயரும் தெரியும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அக்கூட்டக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறும் வேலையைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அமைய வேண்டிய கண்காணிப்புக் குழுக்கள் உப்பளத்துக்கு எப்போது வந்தன என்பதையும் அதே விண்ணப்பத்தில் கேட்கலாம். பருவமழைக்குச் சற்று முன்னதாக, அக்டோபர் 2இல், சுற்றுப்பட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. நலவாரியத்தில் பதிவுபெற்றோர் பட்டியல், நிவாரணம் பெற்றோர் பட்டியல், பாத்தியில் உண்மையில் வேலைசெய்வோர் பட்டியல் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து அன்று உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் பட்டியலில் மட்டும் இருக்கும் பெயர்களைத் தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தீர்மானத்தின் படி வழக்குக்கு உதவும்.